கோடியக்கரையில் மரம் நடலாமா?

கேள்வி:

நான் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளை ஏப்ரல் கடைசியில் கோடியக்கரை சரணாலயத்துக்கு அழைத்துப் போனேன். ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு, பூங்குழலி ஓடித் திரிந்த அடர்காட்டைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையாக வந்தார்கள். அங்கே கண்டதெல்லாம் குட்டை மரங்கள், காய்ந்த புல்தரை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை வெடித்துக் கிடந்த சேறு. பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில் கொஞ்சம் மான்களும் சில குதிரைகளும் நின்றன. ‘இதுதானா காடு?’ என்று பிள்ளைகள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வரும் மழைக்காலத்தில் அந்த வெற்றிடத்தில் 500 மரக்கன்றுகள் நடலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்து உண்டியலில் பணம் சேர்க்கிறார்கள். எந்தக் கன்று அங்கே பிழைக்கும்? அந்தக் குதிரைகள் காட்டு விலங்குகளா? பறவைகள் ஏன் இல்லை? விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்:



நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புல்தரையிலும் சேற்றிலும் ஒரு கன்றுகூட நட வேண்டாம். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் எதையும் நடவோ பிடுங்கவோ சட்டம் இடம் கொடுக்காது. சட்டம் ஒருபுறமிருக்க, அங்கே மரம் நட்டால் மான்களுக்கும் பறவைகளுக்கும் நன்மையைவிடக் கேடுதான் அதிகம். உங்கள் பிள்ளைகளின் நல்ல மனம் வீண்போகக் கூடாது என்பதால் காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

கோடியக்கரையின் தரையைப் புரிந்துகொள்ள அதன் உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். வங்கக் கடலோரமாகத் தெற்கே வரும் கரை, சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கிற முனை அது. அலையும் காற்றும் நெடுங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல்தான் அந்த நிலம். ராமர் பாதம் இருக்கும் மேடுதான் அங்கே மிக உயரமான இடம். அதுவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர்தான். இவ்வளவு தட்டையான நிலத்தில் ஓரிரு அடி ஏற்ற இறக்கமே எது எங்கே வளரும் என்பதைத் தீர்மானித்துவிடும். மணல் மேட்டில் காடு, அதற்குக் கீழே மழைநீர் சில வாரம் தேங்கி வடியும் தாழ்வில் புல்வெளி, இன்னும் தாழ்ந்த இடத்தில் உப்புச் சதுப்பு. நீங்கள் பார்த்தவை மூன்று தனித்தனி வாழிடங்கள். முதலாவது முழுமையற்ற காடு என்றும், மற்ற இரண்டும் காடு அழிந்துபோன வெற்றிடம் என்றும் எண்ணிவிட்டீர்கள். அழிந்த காடு அங்கே இல்லை. மூன்றுமே தத்தம் இடத்தில் முழுமையாக இருக்கின்றன.

முதலில் காட்டைப் பார்ப்போம். அது உலர் பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவலாக இருந்த இந்தக் காடு, இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. கோடியக்காடு, மிஞ்சியவற்றில் பெரிய பரப்புகளில் ஒன்று. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்ப்பதுதான் வழக்கம். இவை உதிர்ப்பதில்லை. சத்தில்லாத மணலில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இலை விடுவது மரத்துக்குப் பெரும் செலவு. அதனால் தடித்த, தோல் போன்ற, நீரை எளிதில் விடாத இலைகளை வைத்துக்கொண்டு நிதானமாக வளர்கின்றன. உப்புக் காற்று தளிர்களைக் கருக்குவதால் உயர்ந்து போகவும் முடியாது. குட்டை மரம் என்று பிள்ளைகள் நினைத்தது, பல தலைமுறை வயதுள்ள மரமாக இருக்கலாம்.

அங்கே ஆட்சி செய்வது பாலை மரம். உலக்கை செய்ய உகந்த அளவுக்குக் கெட்டியான மரம் என்பதால் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். அதன் மஞ்சள் நிறச் சிறுபழம் கோடையில் பழுக்கும். பிசுபிசுப்பும் இனிப்புமான பாலைப்பழம் வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இதே பாலை மரம்தான் முதன்மை. அங்குள்ள தமிழர்களும் அந்தப் பழத்தைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். பாலையோடு வீரை, நாவல், களா, நீலப்பூ பூக்கும் காயா, காட்டு எலுமிச்சை எல்லாம் கலந்து நிற்கும். ஓரங்களில் சங்கஞ்செடி. உப்பேறிய மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் உகா மரம் சதுப்பின் விளிம்புவரை இறங்கி வரும். நரி, புனுகுப்பூனை, குரங்கு, வௌவால், குயில், சின்னான் என்று அத்தனையும் பழம் தின்று விதையைத் தூவுகின்றன. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி, காட்டுத் தரையில் மக்கும் இலைச் சருகைக் கிளறிப் பூச்சி தேடுகிறது. அந்தச் சருகு இல்லையென்றால் அதற்கு இரை இல்லை. சுத்தம் செய்கிறோம் என்று காட்டுத் தரையைக் கூட்டிப் பெருக்குவது ஏன் தவறு என்பதைப் பிள்ளைகளுக்கு இதை வைத்தே சொல்லலாம்.

இந்தக் காடு நேற்று முளைத்ததும் இல்லை. கோடியக்கரைக் குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், இவ்வளவு தனிமையான இடத்தில் எப்படி இருக்கிறாய் என்று இறைவனையே கேட்கிறார். கடற்காற்றும், அஞ்சவைக்கும் காடும், ஆந்தை கூகைகளின் குரலும் அந்தப் பதிகத்தில் வருகின்றன. கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் காட்டையும் புதைசேற்றையும் அருகருகே வைத்ததும் அந்த நிலத்தின் அமைப்பு அதுதான் என்பதால். சேறும் கதையின் பகுதிதான் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்து புல்வெளி. சரணாலயத்தின் பிறப்பே இதனால்தான். 1967-ஆம் ஆண்டு கோடியக்கரையைச் சரணாலயமாக அறிவித்தபோது முதல் நோக்கமாக இருந்தது வெளிமான் பாதுகாப்பு. வெளிமான் அடர்காட்டில் வாழும் விலங்கு அன்று. திறந்தவெளியில் மேய்ந்து, தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு, காற்றாய் ஓடித் தப்பிப்பது அதன் வழி. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் உள்ள கிடா, புல்தரையில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, ஒரே இடத்தில் புழுக்கை போட்டு எல்லை குறித்து, மற்ற கிடாக்களை விரட்டும். கொம்பில்லாத பெட்டைகள் மந்தையாக வந்து போகும். பிறந்த குட்டி சில நாள் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். இவ்வளவுக்கும் வெட்டவெளி வேண்டும். அங்கே மரம் வளர்ந்தால் பார்வை மறையும், ஓட வழியிருக்காது, நிழல் விழுந்த தரையில் புல்லும் அற்றுப்போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, வெளிமானுக்கு முதல் அட்டவணையில் இடம் கொடுத்து உச்சப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அதன் வீட்டின் மீதே நாம் மரம் நட்டால் அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள்?

இது கற்பனையான பயம் இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. வந்தேறியான சீமைக்கருவேல் அந்தப் புல்வெளிக்குள் நுழைந்து பல இடங்களைப் புதராக்கிவிட்டது. மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம் அது. அதன் இனிப்பான நெற்றை மாடு, குதிரை, மான் எல்லாம் தின்கின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. கோடையில் புல் காய்ந்துபோகும் வாரங்களில் வெளிமானுக்கே அந்த நெற்று ஒரு தீவனமாகிவிட்டது என்பதுதான் சிக்கல். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டினால் அந்த வாரங்களில் மான் பட்டினி கிடக்கும். வெட்டிவிட்டு வேரை விட்டாலோ மறுபடி துளிர்த்துப் பல கிளையாக வளரும். பகுதி பகுதியாக வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் புல் திரும்பியதை உறுதி செய்துகொண்டு அடுத்த பகுதிக்குப் போவதே சரியான முறை. மெதுவான வேலைதான். ஆனாலும் வேறு குறுக்குவழி கிடையாது.

குதிரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவை காட்டு விலங்குகள் அல்ல. மனிதர் வளர்த்த குதிரைகள் கைவிடப்பட்டுப் பல தலைமுறையாகத் தாமே பெருகியவை. பார்க்க அழகாக இருந்தாலும், வெளிமான் மேயும் அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. அதே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கின்றன. புள்ளிமானும் அங்கே பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டதுதான். புல்லும் நல்ல தண்ணீரும் குறையும் கோடையில் இந்தப் போட்டி கடுமையாகும். இவற்றோடு ஊர் நாய்களும் சேர்ந்துகொண்டால் மான் குட்டிகள் பிழைப்பது கடினம். சரணாலயத்துக்குப் போகிறவர்கள் வீசும் சோற்றுப் பொட்டலம்தான் நாய்களையும் குரங்குகளையும் உள்ளே இழுக்கிறது.

மூன்றாவது, உங்களை ஏமாற்றிய சேறு. மேற்கே முத்துப்பேட்டை நோக்கிக் கடலுக்கு இணையாக நீளும் பெரிய வேதாரண்யம் சதுப்பின் கிழக்கு முனையில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். கோடியக்கரைக் காடு, இந்தச் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-ஆம் ஆண்டு ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஈரநிலம் இதுதான். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அந்தத் தகுதி பெருமளவு இந்தச் சேற்றுக்காகத்தான் கிடைத்தது.

வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீரும் மழைநீரும் சதுப்பில் பரவி உப்பைத் தணிக்கும். தை, மாசியில் நீர் வற்றத் தொடங்கும்போது உப்பு ஏறும். பாக் நீரிணையில் கடல் ஏற்ற இறக்கம் சிறியது. அதனால் அங்கே நீர்மட்டத்தை மழையும் காற்றுமே பெரிதும் ஆள்கின்றன. நீர் ஏறி வற்றும் அந்த மாதங்களில் சேற்றுக்குள் புழுவும், பூச்சிகளின் முட்டைப்புழுவும், நுண்ணிய இறால் வகைகளும், பாசியும் பெருகுகின்றன. ஒரு பிடி சேற்றை வாரி உருப்பெருக்கியின் அடியில் வைத்தால் பிள்ளைகள் மலைத்துப்போவார்கள்.

அந்த உணவை நம்பித்தான் பறவைகள் வருகின்றன. கொசு உள்ளான் என்ற பறவை சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை 30 கிராம்கூடப் பெரும்பாலும் தேறாது. சைபீரியாவின் வடகோடித் தூந்திர நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்தச் சேற்றுக்கு வருகிறது. வளைமூக்கு உள்ளானும் அப்படியே. பறவையியலாளர் சாலிம் அலி 1960-களிலேயே இந்த இடத்தின் அருமையைக் கண்டு வலியுறுத்தினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்தது.

ஒரே சேற்றில் இத்தனை இனம் எப்படிப் பிழைக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் அலகுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கொசு உள்ளானின் குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பில் கொத்தும். வளைமூக்கு உள்ளானின் அலகு சற்று ஆழத்தில் துழாவும். கருவால் மூக்கன் இன்னும் ஆழத்துக்குப் போகும். குதிரைமலைக் கோட்டானின் நீண்டு வளைந்த அலகு, நண்டு வளைக்குள்ளேயே நுழையும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் நீரில் நடந்து பொறுக்கும். கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசி அள்ளும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள மயிர்த்தட்டுகளால் சல்லடை போல் இரையை வடிகட்டும். அந்த இரையில் உள்ள நிறமிதான் அதன் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது.

இத்தனை பறவைகளுக்கும் தேவை, மரமில்லாத வெளி. வல்லூறு வருவதைத் தொலைவிலேயே பார்த்தால்தான் கரைப்பறவைகள் கூட்டமாக எழும்ப முடியும். மரமோ புதரோ மறைத்தால் அந்த இடத்தை விட்டுவிடும். அலையாத்தி நட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அலையாத்திக்கு ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்தியும் தில்லையும் செழிப்பது அதனால்தான். கோடையில் நீர் வற்றி உப்புப் பூக்கும் சேற்றில் அது பிழைக்காது. பிழைத்தாலும் வேரில் வண்டல் தங்கி நிலம் மேடாகும். பறவைகளின் உணவுக் களம் சுருங்கும். உப்பைச் சேர்த்துக்கொண்டே வாழும் உமரிச் செடி, அந்தச் சேற்றின் ஓரத்துக்கு இயற்கை தேர்ந்த பயிர். கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்த அடும்பும் இராவணன் மீசையும் போதும். பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் திறந்த மணற்கரையில் அலைக்கு நெருக்கமாகச் சவுக்கு நடுவதும் கேடுதான்.

பூநாரையை நீங்கள் பார்க்காததற்குக் காரணம் மாதம். ஏப்ரல் கடைசியில் சதுப்பு காய்ந்துவிடும். வடக்கே போக வேண்டிய பறவைகளில் பெரும்பாலானவை போய்விடும். நவம்பர் முதல் ஜனவரி வரை போங்கள். பூநாரைகள் மழைக்கும் நீரின் ஆழத்துக்கும் ஏற்ப ஆண்டுக்காண்டு கூடும், குறையும். கால் நிற்காத ஆழத்தில் அவை மேய்வது அரிது, முற்றிலும் வற்றிய இடத்தில் மேயாது.

ஆனால் பருவத்தை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட்டால் உங்களுக்கு முழு உண்மையைச் சொன்னவன் ஆகமாட்டேன். கோடியக்கரையின் உண்மையான நோய் தண்ணீர். காவிரிக் கடைமடையில் நல்ல நீர் குறையக் குறைய, சதுப்பின் உப்பு ஏறுகிறது. சதுப்பைச் சுற்றிலும் உப்பளங்கள் விரிந்து, நீர் இயல்பாகப் பரவும் வழிகளைக் கரைகள் மறிக்கின்றன. காட்டின் மணலுக்கடியில் உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மழைநீர் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வரும். பாலையும் நாவலும் உயிர் பிழைப்பது அந்த அடுக்கை நம்பித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயலில் முதுமரங்கள் சாய்ந்தன, வெளிமான்கள் மடிந்தன. புயலின் காயத்தைக் காடு தானே ஆற்றிக்கொள்ளும். விதை பரப்பும் விலங்குகளும் நல்ல நீரும் இருந்தால் போதும். நீரின்மையை மட்டும் அது தானே ஆற்றிக்கொள்ள முடியாது.

இனி உங்கள் 500 கன்றுகள். அவற்றை நடுங்கள், உங்கள் ஊரில் நடுங்கள். பாலை, வீரை, நாவல், காயா, களா ஆகியவற்றின் விதைகளை வீட்டு மரங்களிலிருந்தும் கோயில் நந்தவனங்களிலிருந்தும் உரிமையாளர்களிடம் கேட்டுச் சேகரியுங்கள். சரணாலயத்துக்குள் ஒரு விதையும் எடுக்கக் கூடாது. பள்ளியில் ஒரு நாற்றங்கால் போட்டு, பள்ளி வளாகம், குளக்கரை, கோயில் நிலம் என்று அனுமதி பெற்ற இடங்களில் வையுங்கள். பாலை மிக மெதுவாக வளரும் என்பதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இன்று நடும் பிள்ளை, தன் பேரப்பிள்ளைக்குத்தான் அந்த மரத்தின் முழு நிழலைக் காட்ட முடியும்.

உண்டியலில் மிச்சம் இருந்தால் ஓர் இருகண்நோக்கி வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியை எண்ணிப் பதிவு செய்யுங்கள். வயலில் தேங்கும் நீர் வடிகாலாகி, ஆறாகி, கடைசியில் எந்தச் சதுப்பில் சேர்கிறது என்று பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லுங்கள். திருவாரூர் மாவட்டத்தின் ஆறுகள்தான் முத்துப்பேட்டையை வாழவைக்கின்றன. அவற்றில் நெகிழிக் குப்பை சேராமல் பார்த்துக்கொண்டாலே நீங்கள் அந்த ராம்சார் நிலத்துக்கு உதவியவர்கள் ஆவீர்கள்.

சீமைக்கருவேல் அகற்றும் பணியில் உதவ விரும்பினால் கோடியக்கரை வனத்துறை அலுவலகத்துக்குப் பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் முறையில் மட்டும் செய்யுங்கள். டிசம்பரில் பிள்ளைகளை மறுபடியும் அழைத்துப் போங்கள். உணவுப் பொட்டலத்தை வெளியிலேயே முடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், பாதையை விட்டு இறங்காமல் நின்று பாருங்கள். சேற்றை வெற்றிடம் என்று சொல்லாத ஒரு தலைமுறையை நீங்கள் வகுப்பறையில் வளர்த்தால், கோடியக்கரைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.